எட்டுத் திசை மெனு

அலுவலகத்தில் அவளுக்கு மெனுக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தம்மா கேன்டீன் பார்த்துக்கொள்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்து, மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டதும் உண்டு. அவளுக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம் அவள் கணவருக்குத்தான் தெரியும்.

கட்டட வரைபடம் வரைகிறவர்களுக்கான மென்பொருளை அந்தக் கம்பெனி தயாரித்து விற்றது. கோடு போடு, வளை, நகர்த்து, அளந்து காட்டு, அழி என்று அதில் ஏகப்பட்ட கட்டளைகள். எந்தக் கட்டளையை எங்கே வைத்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்று பார்ப்பது அவள் வேலை. நாள் முழுக்க யாராவது ஒரு வரைவாளருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவர் ஒரு சுவரை வரைவார். அடுத்த கட்டளைக்காக மவுஸ் அம்பு திரையின் உச்சிக்கு ஏறும், பட்டியலைத் திறக்கும், அதற்குள் இன்னொரு பட்டியலைத் திறக்கும், வேண்டியதைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு இறங்கி வரும். வந்து சேர்ந்த பிறகு, எந்த இடத்தில் விட்டோம் என்று அந்த மனிதர் ஒரு கணம் முழிப்பார். இந்த அலைச்சலைப் பார்க்கும்போதெல்லாம் மெனுக்காரிக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். யாருடைய நேரமோ போகிறது, இவளுக்கு என்ன என்று மற்றவர்கள் கேட்பார்கள். சிலருக்குக் கோணலாக மாட்டிய படத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, அந்த ரகம் அவள்.

அவள் கொண்டுவந்த தீர்வு வட்ட மெனு. திரையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்திப் பிடிக்கலாம். அந்த இடத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டுக் கட்டளைகள் விரியும். வேண்டிய திசையில் ஒரு இழுப்பு இழுத்து விட்டால் வேலை முடிந்தது. புதியவர்கள் வட்டம் விரியும்வரை காத்திருந்து, படித்துப் பார்த்து இழுப்பார்கள். பழகியவர்கள் காத்திருப்பதில்லை. வட்டம் கண்ணில் படுவதற்குள் கை இழுத்து முடித்திருக்கும். எந்தத் திசையில் எது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லக்கூடத் தெரியாது, கைக்கு மட்டும் தெரியும்.

இதற்காக அவள் போடாத சண்டை இல்லை. மேலாளர் ஒருவருக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. அதிகம் பயன்படுகிற கட்டளை தானாகவே வசதியான இடத்துக்கு நகர்ந்து வரட்டுமே என்றார். கூட்டத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். இவள் மட்டும் ஆட்டவில்லை.

"நீங்க தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள வீட்டுக் கதவ வேற சுவத்துக்கு யாராவது மாத்தி வெச்சா, வசதியா இருக்குன்னா சொல்லுவீங்க? மூக்குதான் உடையும்" என்றாள்.

மேலாளர் அந்த யோசனையை மூட்டை கட்டி வைத்தார். ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதே என்பது அந்த அலுவலகத்தில் எழுதாத சட்டமாகிவிட்டது. வீட்டில் மட்டும் அவள் அந்தச் சட்டத்தை மதிப்பதில்லை. சமையலறை இழுப்பறைகளை அவ்வப்போது கலைத்து, பயன்பாட்டுக்கு ஏற்ப அடுக்குவாள். கணவர் நல்ல மனிதர். கரண்டியைத் தேடிப் பார்த்துவிட்டு, கத்தியின் பின்பக்கத்தால் டீயைக் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

அவளுக்கு ஓர் அண்ணன், லாரி ஓட்டுநர். லாரி ஓட்டியது பாதி, வாய் ஓட்டியது பாதி என்று அவனைச் சொல்வார்கள். யார் என்ன சொன்னாலும் அவன் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும். சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அவனிடம் வம்பு வளர்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்புவார்கள். அந்த வாய்தான் போயிற்று. பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. நடக்க முடிந்தது, ஒரு காலை இழுத்தபடி. புத்தி மட்டும் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது, அதுதான் பார்க்கிறவர்களுக்குக் கொடுமையாக இருந்தது.

மருத்துவமனையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் தம்ளர், கட்டில், கழிப்பறை என்று படங்கள். எது வேண்டுமோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் அந்த அட்டையை விசிறியாகப் பயன்படுத்தினான். பிறகு மெனுக்காரி ஒரு டேப்லெட் வாங்கி வந்து, எழுத்துகளைத் தொட்டால் சொல்லாகப் பேசும்படி செய்து கொடுத்தாள். அது பேசியது. ஆனால் அண்ணன் இடது விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ஒரு கிண்டலை முடிப்பதற்குள், கிண்டலுக்கு உரியவர் காபி குடித்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போயிருப்பார். நேரம் தப்பிய கிண்டல் ஆறிப்போன காபி மாதிரி. அவன் அதைத் தொடுவதையே விட்டான்.

அப்போதுதான் அவளுக்கு வட்ட மெனு நினைவுக்கு வந்தது. டேப்லெட்டை அண்ணன் நாற்காலியின் இடது கைப்பிடியில் பொருத்தினாள். திரையில் விரலை வைத்து ஒரு திசையில் இழுத்தால் ஒரு வாக்கியம், செய்தி வாசிப்பவர் குரலில் கணீரென்று வரும். வலப்பக்கம் இழுத்தால் "வாங்க, உக்காருங்க". கீழே "தண்ணி வேணும்". உச்சியில் "ரொம்ப நன்றி". "நல்லா இருக்கேன்", "வலிக்குது", "ஆமாம்", "இல்லை" எல்லாம் மற்றத் திசைகளில். கடைசியாக ஒரு திசை மிஞ்சியது. அதில் என்ன போட என்று கேட்டபோது அண்ணன் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினான்: "போதும், போங்க."

அடுத்த வாரமே அதற்கு வேலை வந்தது. அண்ணியின் பெரியப்பா ஒருவர் நலம் விசாரிக்க வந்து, தன்னுடைய முழங்காலைப் பற்றி ஆரம்பித்தார். முழங்கால் முடிந்து இடுப்புக்கு வந்து, இடுப்பிலிருந்து மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், செய்தி வாசிப்பவர் குரல் "போதும், போங்க" என்றது. பெரியப்பாவே முதலில் சிரித்தார். அண்ணி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் அது அழுகையானது. மெனுக்காரிக்கு அன்று வந்த சந்தோஷம் சம்பளம் வாங்கிய எந்த வேலையிலும் வந்ததில்லை. அண்ணனின் வாய் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். லாரிக் கொட்டகைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று எழுதிக் காட்டினான். ஓட்டுவதற்கு இல்லை. எந்த வண்டி எந்த மேடையில் சரக்கு ஏற்ற வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்கிற அறை ஒன்று கொட்டகை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். வீட்டுக் கூடத்தில் நாற்காலியோடு நாற்காலியாக ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தவனுக்கு, அந்த அறையைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. அண்ணி கொட்டகை முதலாளிக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பதில் சொல்கிற நிலையில் இருந்தால் அவனுக்கே தருகிறேன் என்றார் அவர்.

ஞாயிறு மத்தியானமே மெனுக்காரி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணி அவனுக்குச் சவரம் செய்து, குளிக்க வைத்து, சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். டேப்லெட் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற மெனுவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. எந்த வாக்கியம் எத்தனை தடவை பேசப்பட்டது என்று அது கணக்கு வைத்திருந்ததால், திறந்து பார்த்தாள். பார்த்ததும் வெட்கமாக இருந்தது. அவசரத்தில் கைக்கு வந்தபடி அடுக்கியது அது. அண்ணன் ஓயாமல் கேட்கிற தண்ணீர், இடது கைக்குச் சிரமமான கீழ்த் திசையில் இருந்தது. ஒருதடவைகூடச் சொல்லாத "ரொம்ப நன்றி" உச்சியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. முதலாளி வருகிற நேரத்தில் அண்ணன் இன்னும் கொஞ்சம் வேகமாகப் பேசினால் நல்லதுதானே?

மாற்றினாள். அதிகம் சொல்வதைச் சுலபமான திசைக்கும், குறைவாகச் சொல்வதைச் சிரமமான திசைக்கும் அனுப்பினாள். பெரியப்பாவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்த உறவினர்கள், டிவியில் பேசிய அரசியல்வாதிகள் எல்லோருக்கும் சேர்த்து "போதும், போங்க" நிறையவே பயன்பட்டிருந்தது. அதனால் அதற்கு வலப்பக்கம் கிடைத்தது.

அலுவலகத்தில் யாராவது இதைச் செய்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இங்கே ஏன் செய்தாள் என்றால், அண்ணன் இன்னும் வட்டத்தைப் பார்த்துத்தான் இழுக்கிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். எதை எத்தனை தடவை சொன்னான் என்று கணக்கில் இருந்தது. பார்த்துச் சொன்னானா, பார்க்காமல் சொன்னானா என்று கணக்கில் இல்லை. அவள் நாள் முழுக்க எதைக் கவனித்துச் சம்பளம் வாங்குகிறாளோ, அதை மட்டும் சொந்த அண்ணனிடம் கவனிக்கவில்லை. அவன் வட்டத்தைப் பார்ப்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது.

அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவனை உட்கார வைத்து டேப்லெட்டைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எது எங்கே என்று வட்டத்தில்தான் எழுதியிருக்கிறதே, பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள்.

முதலாளி பழத்தட்டோடு உள்ளே வந்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு, பாதி முகத்தில் வந்த சிரிப்போடு, விரலை வலப்பக்கம் இழுத்தான்.

"போதும், போங்க" என்றது குரல்.

முதலாளி ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இவன் குறும்பு போகவில்லை என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் இழுத்தான். "வலிக்குது" என்றது குரல். எங்கே என்று பதறிக் கேட்டார் முதலாளி. அண்ணன் தலையை ஆட்டி மறுத்து, மறுபடி இழுத்தான். "தண்ணி வேணும்." அண்ணி தண்ணீர் எடுக்க ஓடினாள். அண்ணன் திரையைப் பார்த்தான். பார்த்தபோது அவன் முகம் போன போக்கைக் கண்ட மெனுக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு முதலாளி அண்ணனிடம் பேசவில்லை, அண்ணியிடம் பேசினார். மாத்திரை சாப்பிடுகிறானா, ராத்திரி தூங்குகிறானா என்று, அவன் அந்த அறையில் இல்லாத மாதிரியே விசாரித்தார். அது அவன் தவறு இல்லை, இடம் மாறிவிட்டது என்று மெனுக்காரி சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரர்கள் சொல்கிற சமாதானத்துக்கு எப்படித் தலையாட்டுவார்களோ, அப்படி ஆட்டினார் அவர். வேலைக்கு என்ன அவசரம், முதலில் உடம்பைத் தேற்றட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் போன பிறகு அண்ணி அவளைப் பார்த்து, சத்தம் போடாமல் கேட்டாள்.

"எங்கிட்ட கேக்க வேணாம். உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. அன்று மட்டுமா? அந்த எட்டில் ஏழு வாக்கியங்களை அவளே எழுதி, அவளே இடம் ஒதுக்கியிருந்தாள். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் இது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். டேப்லெட் கவிழ்த்துக் கிடந்தது. பழைய இடங்களுக்கே எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, தப்பு என் மேலதான். பழையபடியே வெச்சுட்டேன். இனிமே உன்னக் கேக்காம தொட மாட்டேன். வேற ஏதாச்சும் வேணும்னா சொல்லு" என்றாள்.

நெடுநேரம் கழித்து அவன் எழுத்துப் பலகையைத் திறந்தான். "பொ" என்று வந்தது. அவள் எட்டிப் பார்த்து, பொங்கலா என்றாள். அவன் கண்ணை மூடித் திறந்து, அடுத்த எழுத்தைத் தேடினான். பொறுக்க முடியாத வலியா என்றாள். அவன் விரலைத் தூக்கிக்கொண்டு, அவள் வாயை மூடும்வரை அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக முடித்தான்.

"பொறுங்க, சொல்றேன்."

இதைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் பேசத் தொடங்குகிறான் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அதுவரை அவர் காத்திருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக ஆட்களை வேகப்படுத்தத்தான் அவள் மெனு செய்திருந்தாள். எதிராளியை மெதுவாக்குகிற கட்டளை ஒன்று வேண்டியிருக்கும் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. எந்த இடத்தில் வைக்கட்டும் என்று கேட்டாள். அவன் உச்சியைக் காட்டினான். "ரொம்ப நன்றி" போயிற்று. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் லாரிக் கொட்டகைக்குப் போய் முதலாளியைப் பார்த்தாள். தான் செய்ததைச் சொன்னாள். அவருக்கு மெனு புரியவில்லை. ஆனால் ஒரு பெண் தன்னிடம் வந்து, நான்தான் கெடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னது புரிந்தது.

"இங்க டிரைவருங்க நின்னு கேக்க மாட்டாங்கம்மா. வாய்விட்டுக் கேட்டா பதில் வந்துடணும். சரி, கூட்டிட்டு வா, பாக்கலாம்" என்றார்.

டேப்லெட்டை ஒரு வாரில் கோத்து அவன் கழுத்தில் மாட்டி, கூட்டிக்கொண்டு போனாள். எண்ணெய் வாடையும் இன்ஜின் இரைச்சலுமாக இருந்தது கொட்டகை. அண்ணன் உள்ளே நுழைந்ததும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டான். தெரிந்த ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேர் முதலாளியின் அறை வாசலில் வந்து நின்றார்கள். "வாங்க, உக்காருங்க" என்று அவர்களுக்குச் சொல்லி, முதலாளியின் அறையில் நின்றுகொண்டே எல்லோரையும் வரவேற்றான் அண்ணன். சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ஆனால் கேள்வியை அவர் தங்கையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவனுக்கு இங்க என்னென்ன வசதி செஞ்சு தரணும்?"

அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. மேசை இடப்பக்கம் இருந்தால் நல்லது, திரை கண் மட்டத்தில் வேண்டும், குரல் வெளியே கேட்க ஒரு ஸ்பீக்கர், பிறகு கை சாய்த்துக்கொள்ள என்று அவள் தொடங்கி, மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தபோது குரல் குறுக்கிட்டது.

"பொறுங்க, சொல்றேன்."

அவள் பாதி வார்த்தையில் நின்றாள். முதலாளியும் அண்ணன் பக்கம் திரும்பினார். செய்தி வாசிப்பவர் குரல் பொறுக்கச் சொன்னால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது போலிருக்கிறது. வாசலில் நின்றவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

அண்ணன் விரல் எழுத்துகளைத் தேட ஆரம்பித்தது. "ஒரு" என்று வந்தது. ஒரு மேசையைத்தான் கேட்கப்போகிறான் என்று அவள் முடிவு செய்தாள். சொல்லி முடித்துவிட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் ஒரு தவறான எழுத்தைத் தட்டி, அழித்து, மறுபடி தேடினான். வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது, இன்ஜின் அணைந்தது. யாரும் நகரவில்லை. மெனுக்காரிக்கு அது தாங்க முடியாத நேரமாக இருந்தது. அண்ணன் மட்டும் அவசரமில்லாமல், கடைசி எழுத்துவரை தட்டி முடித்து, பேசவிட்டான்.

"ஒரு நாற்காலி போதும், முதலாளி. இவள மட்டும் உள்ள விடாதீங்க. மெனுவ மாத்திடுவா."

ஓட்டுநர்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மெனுக்காரிக்குக் காது வரை சூடேறியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதையும் அடக்க அவள் முயலவில்லை.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இப்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்.

"எப்ப வர்றே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார்.